உதிரி மணலே, பாறையாய் எழு!

"மணலைக் கயிறாகத் திரிக்கப் போகிறாயா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முடியாத காரியம் என்றால் நம் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். இனிமேல் அப்படிச் சிரிப்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பதில் சொல்: "கயிறு கிடக்கட்டும் ஐயா! மணலைப் பாறையாகவே மாற்றிவிட்டார்கள். மாற்றிக் கொடுத்தது கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர்!"

இது கற்பனை இல்லை. ஒரு குழாயில் உதிரி மணலை நிரப்புகிறார்கள். ஒரு வகை பாக்டீரியா கலந்த நீரை அதற்குள் செலுத்துகிறார்கள். அடுத்து யூரியாவும் கால்சியம் குளோரைடும் கரைந்த நீரை மெல்லச் செலுத்துகிறார்கள். ஓய்வு கொடுத்து, மறுபடியும் செலுத்துகிறார்கள். இப்படிப் பல முறை. சில நாட்கள் கழித்துக் குழாயை உரித்து எடுத்தால், உள்ளே இருந்த மணல் சரிவதில்லை. மணற்கல் தூணாக நிற்கிறது! சூளை இல்லை, நெருப்பு இல்லை, சிமெண்ட் இல்லை. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேக வைக்க வேண்டும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. இந்தச் சிற்றுயிரோ நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பத்திலேயே கல்லை வளர்த்துவிடுகிறது.

தம்பி, தங்கையே! இந்த அறிவியலை உன்னிடம் கொண்டு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். "என்னால் என்ன ஆகும்? பணம் இல்லை, பின்புலம் இல்லை, ஆங்கிலம் சரளமாக வராது" என்று நீ முனகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உன்னிடம் வலிமை இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது! ஏராளமாக இருக்கிறது! அது சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். சிதறிக் கிடப்பதை இணைக்கக் கற்றுக்கொள். அதன் பிறகு உன்னை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். மணலே சாட்சி சொல்லட்டும்.

மணல்துகள் பலவீனமானதா?

ஆற்றிலும் கடற்கரையிலும் கிடக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் குவார்ட்ஸுக்கு 7-ஆம் இடம். கண்ணாடியையே கீறிவிடும் கடினம் அது! மலையாக இருந்து, உடைந்து, உருண்டு, எத்தனையோ வெள்ளங்களைத் தாண்டி வந்த பின்னும் அழியாமல் மிஞ்சியது அந்தத் துகள்.

அப்படியானால் மணல்மேடு ஏன் சரிகிறது? துகளில் குறை இல்லை. ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் இடையே பிடிப்பு இல்லை. அங்கேதான் குறை.

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரை நிலநடுக்கம் உலுக்கியது. கவாகிஷி என்ற இடத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் அப்படியே சாய்ந்தன. ஒன்று ஏறத்தாழப் படுத்தேவிட்டது. வியப்பு என்னவென்றால், அந்தக் கட்டடங்கள் பெரிதாக நொறுங்கவில்லை. சுவர்கள் நின்றன, தூண்கள் நின்றன. காலடியில் இருந்த மண்தான் கைவிட்டது. நீரில் ஊறிய தளர்வான மணல் குலுங்கும்போது, இடையில் சிக்கிய நீரின் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் துகள்களைப் பிரித்துவிடுகிறது. ஒன்றையொன்று தாங்கிய துகள்கள் தொடர்பு இழந்த அந்தக் கணத்தில், திடமான நிலம் குழம்பாகிவிடுகிறது. அன்று எந்த மணல்துகளும் உடையவில்லை. இணைப்பு அறுந்தது, கட்டடம் சாய்ந்தது.

உன் வாழ்க்கையைக் கொஞ்சம் இங்கே வைத்துப் பார். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இரண்டு மாதம் படித்தாய். பாதியில் வங்கித் தேர்வுக்குத் தாவினாய். அதையும் விட்டு யூடியூப் சேனல் தொடங்கினாய். அதுவும் நின்றது. நீ உழைக்கவில்லையா? உழைத்தாய்! அந்த ஒவ்வொரு நாளும் குவார்ட்ஸ் போன்ற உறுதியான நாள்தான். ஆனால் நேற்றைய நாள் இன்றைய நாளைத் தாங்கவில்லை. முதல் குலுக்கல் வந்ததும் எல்லாம் குழம்பாயிற்று. குலுக்கலைக் குறை சொல்லாதே. உன்னையும் குறை சொல்லாதே. அறுந்து கிடக்கும் இணைப்பைப் பார்!

சின்ன உயிர், பெரிய வேலை

மணலை இணைக்கும் அந்த வித்தகனின் பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி. லூயி பாஸ்டரின் நினைவாக வந்த பெயர். வாழுமிடம் சாதாரண மண். நீளம் சில மைக்ரான்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு மூன்று பங்கு. கால் மில்லிமீட்டர் மணல்துகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும்.

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம்! பல் குத்துவதற்கா நீ பிறந்தாய்? இந்தச் சிற்றுயிர் செய்யும் வேலையைக் கேள்.

அதன் உடலுக்குள் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. யூரியா நீரில் தானாகச் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். யூரியேஸ் தொட்டால் அந்த வேலை கோடி கோடி மடங்கு வேகமாக நடக்கிறது. யூரியா உடைந்ததும் அம்மோனியமும் கார்பனேட்டும் பிறக்கின்றன. சுற்றியுள்ள நீர் காரத்தன்மை அடைகிறது. பாக்டீரியாவின் வெளிச்சுவரில் எதிர்மின் தன்மை உண்டு. நேர்மின் கொண்ட கால்சியம் அதைத் தேடி வந்து ஒட்டுகிறது. கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்த இடத்தில் கால்சைட் படிகம் முளைக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் இதே கால்சைட்தான். படிகம் வளர்ந்து வளர்ந்து பக்கத்துத் துகளைத் தொடுகிறது. தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. ஒரு துகளும் இன்னொரு துகளும் ஒன்றாகின்றன. கோடிக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் இது நடக்கிறது. உதிரி மணல் பாறையாகிறது!

அந்த உயிர் கல்லைச் சுமந்து வரவில்லை. தன்னால் செய்ய முடிந்த ஒரே ஒரு வேலையைச் செய்தது. அந்த ஒன்றை முழுமையாகச் செய்தது. சூழலே மாறியது. உனக்குப் பத்துத் திறமைகள் வேண்டாம். உன் யூரியேஸ் எது? மற்றவர் ஒரு நாள் எடுத்துச் செய்யும் எந்த வேலையை நீ ஒரு மணி நேரத்தில் முடிக்கிறாய்? எதைச் செய்யும்போது உனக்குக் களைப்பே தெரிவதில்லை? அதைக் கண்டுபிடி!

தொடும் இடத்தில் வை உன் உழைப்பை

இப்போது ஒரு நுட்பம். பொறியாளர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மணலுக்குள் வளரும் கால்சைட் முழுவதும் ஒரே அளவு பயன் தருவதில்லை. துகளின் முகத்தில் தனியே படியும் கால்சைட் வலிமையைப் பெரிதாகக் கூட்டாது. இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளியில் படிவதுதான் பாறையை உருவாக்குகிறது. மணலின் இடைவெளி முழுவதையும் அடைக்கத் தேவையே இல்லை. தொடும் இடங்களைப் பிடித்தால் போதும். மீதி இடைவெளி வழியே தண்ணீர் வழக்கம்போல் ஓடும், நிலமும் உறுதியாக நிற்கும்.

இன்னொன்றையும் கவனி. குவார்ட்ஸின் கடினம் 7 என்றேன். அதை இணைக்கும் கால்சைட்டின் கடினம் வெறும் 3. கடினமானவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது அவற்றைவிட மென்மையான பொருள்! உலகத்தை இணைக்க நீ உலகத்திலேயே பெரிய வலிமைசாலியாக இருக்க வேண்டியதில்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும்.

உன் உழைப்பு எங்கே படிகிறது என்று இன்று இரவு உட்கார்ந்து கணக்குப் பார். வண்ண வண்ணப் பேனாவால் கால அட்டவணை எழுதினாயே, அது முகப்பூச்சு. நேற்றுப் படித்ததை இன்று திருப்பிப் பார்த்துவிட்டுப் புதிய பாடத்துக்குப் போனாயே, அது இணைப்பு. பத்துப் பயிற்சி வகுப்புகளின் சான்றிதழ்களைச் சுவரில் மாட்டினாயே, அது முகப்பூச்சு. ஒரு வகுப்பில் கற்றதை மறுநாளே ஒரு வேலையில் பயன்படுத்தினாயே, அது இணைப்பு. முகப்பூச்சு பளபளக்கும், பாரம் தாங்காது. இணைப்பு வெளியே தெரியாது, மாடியையே தாங்கும்!

அவசரம் வாசலை அடைக்கும்

"சரி, இன்றே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்" என்று துள்ளுகிறாயா? பொறு. உயிரையும் யூரியாவையும் கால்சியத்தையும் அடர்த்தியாகக் கலந்து ஒரே நேரத்தில் மணலுக்குள் தள்ளினால் என்ன ஆகும்? நுழைவாயிலிலேயே கால்சைட் குபீரென்று படிந்து வழியை அடைத்துவிடும். வாசல் கல்லாகும். உள்ளே எல்லாம் மணலாகவே கிடக்கும். ஆய்வாளர்கள் முட்டி மோதிய பெரிய தடைகளில் ஒன்று இது.

வழி கண்டார்கள். முதலில் பாக்டீரியாவை மட்டும் செலுத்தினார்கள். அது துகள்களில் ஒட்டி நிலைபெற நேரம் கொடுத்தார்கள். அதன் பிறகே யூரியாவையும் கால்சியத்தையும் அனுப்பினார்கள். உயிர் ஆழம் வரை பரவிய பின்தான் கல் வளரத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா விஃபின் இந்த உயிர்சிமெண்ட் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தது 2004-இல். அவரும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 5 மீட்டர் நீள மணல்தூணில் செய்து காட்டிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. 2010-இல் நெதர்லாந்தில் லியோன் வான் பாசன் குழு வெளியிட்ட ஆய்வில் மணலின் அளவு 100 கன மீட்டர்! சோதனைக் குழாயிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து பெருந்தொட்டிக்கு. ஒரு படி உறுதியானதும் அடுத்த படி.

அந்தப் பெரிய சோதனையில் எல்லா இடமும் ஒரே வலிமையாக வரவில்லை. சில இடம் உறுதியான கல், சில இடம் இளகிய கல். அவர்கள் அதை மறைக்கவில்லை. அளந்து, எழுதி, வெளியிட்டார்கள். அடுத்தவர்கள் அந்த அளவிலிருந்து தொடங்கினார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜேசன் டிஜாங் குழுவினர் இப்படிக் கட்டிய மணல் மாதிரிகளைச் செயற்கை நிலநடுக்கத்தில் குலுக்கிப் பார்த்தார்கள். உதிரி மணலைவிட அவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. நீகாட்டாவைச் சாய்த்த அந்த ஆபத்துக்கு ஒரு பதில் உருவாகிக்கொண்டிருக்கிறது.

உனக்கும் இதே விதிதான். முதலில் வேர் பிடி. பிறகு வேகம் பிடி. முதல் வாரத்தில் பதினான்கு மணி நேரம் படித்துவிட்டு இரண்டாம் வாரம் புத்தகத்தைத் தொடவே வெறுப்பவன், தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டவன்.

ஒற்றைக் கையின் வெற்றி

இந்த யூரியேஸுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் கதையைக் கேட்ட பிறகும் நீ சாக்குச் சொன்னால் உன்னை எதுவும் திருத்தாது.

ஜேம்ஸ் சம்னர், அமெரிக்கர், 1887-இல் பிறந்தவர். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பாய்ந்து இடது கையை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்! எழுதுவதற்கு, பிடிப்பதற்கு, விளையாடுவதற்கு எல்லாவற்றுக்கும் இருந்த கை போய்விட்டது. வலது கையை முதலிலிருந்து பழக்கினார். டென்னிஸ் ஆடினார். வேதியியல் படித்தார். ஆராய்ச்சிக்காக ஹார்வர்டில் ஆட்டோ ஃபோலினிடம் போனபோது, ஒற்றைக் கை மனிதர் வேதியியலில் வெல்ல முடியாது, சட்டம் படிக்கலாம் என்று அவர் அறிவுரை சொன்னார். சம்னர் கிளம்பிப் போகவில்லை. அங்கேயே நின்றார். அதே ஃபோலினின் வழிகாட்டலில் 1914-இல் முனைவர் பட்டம் பெற்றார்!

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. கற்பிக்கும் சுமை அதிகம், வசதி குறைவு. 1917-இல் ஒரு முடிவெடுத்தார்: வாளவரை இனத்து ஜாக் பீன் விதையில் நிறைய இருக்கும் யூரியேஸைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது. உலகில் அதுவரை யாரும் எந்த நொதியையும் தூய படிகமாகப் பிரித்ததில்லை. தோல்வி மேல் தோல்வி. ஒன்பது ஆண்டுகள்! 1926-இல் அசிட்டோன் கலந்த கரைசலைக் குளிரில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டிக் குட்டிப் படிகங்கள். யூரியேஸ்! நொதி என்பது புரதம் என்று அறிவித்தார்.

உலகம் கைதட்டியதா? இல்லை. ஜெர்மனியின் நோபல் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரும் அவர் வழி நின்றவர்களும் ஏற்க மறுத்தார்கள். சம்னர் சோர்ந்தாரா? ஆதாரத்தின் மேல் ஆதாரம் அடுக்கினார். சில ஆண்டுகளில் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கினார். சம்னர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியது. 1946-இல் வேதியியல் நோபல் பரிசு! வேதியியல் வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த மனிதருக்கு, வேதியியலிலேயே!

ஒன்பது ஆண்டுகளின் ஒவ்வொரு தோல்வியையும் அடுத்த முயற்சியோடு பிணைத்தவர் அவர். அதனால்தான் அந்த ஆண்டுகள் உதிரவில்லை. இன்று உலகெங்கும் மணலைக் கல்லாக்கும் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலானவை அந்த ஒற்றைக் கை பிரித்தெடுத்த நொதியை நம்பித்தான் நடக்கின்றன.

செவ்வாய் மண்ணும் சிறிது நிக்கலும்

இப்போது நம் பக்கத்துக்கு வா. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அலோக் குமார், கௌஷிக் விஸ்வநாதன் குழுவினர் இஸ்ரோ விஞ்ஞானிகளோடு சேர்ந்து நிலவு மண்ணைப் போல் தயாரித்த பொடியில் இதே பாக்டீரியாவை விட்டார்கள். யூரியா சேர்த்தார்கள். வலுவுக்குக் கொத்தவரை விதைப் பிசின் சேர்த்தார்கள். ஆம், உன் வீட்டில் பொரியல் செய்யும் அதே கொத்தவரை! செங்கல் உருவானது. 2020-இல் அறிவித்தார்கள். நிலவு மண்ணைப் போன்ற பொடிக்காக இஸ்ரோ பாறை தேடிய இடம் எது தெரியுமா? நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி!

அடுத்துச் செவ்வாய் மண்ணைப் போன்ற பொடியில் முயன்றார்கள். படுதோல்வி. அந்த மண்ணில் இரும்பு அதிகம். உயிருக்கு அது நஞ்சு. பாக்டீரியா வளரவே இல்லை. மண்ணைக் குறை சொல்லிவிட்டு மூட்டை கட்டினார்களா? நிக்கல் குளோரைடு சிறிது சேர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியா வளர்ந்தது. செங்கல் பிறந்தது. 2022-இல் உலகம் படித்தது. யூரியேஸ் நொதியின் இயங்குமையத்தில் இருப்பதே நிக்கல்தான் என்பது 1975-இலேயே தெரிந்த செய்தி. அத்தனை சிறிய பொருள், அத்தனை பெரிய வேலை!

உனக்கும் ஏதோ ஒன்று குறைகிறது. எல்லாமே குறைவதாக நினைத்து அழாதே. ஒன்றுதான் குறைகிறது. ஒருவனுக்கு அது காலை ஐந்து மணி. ஒருத்திக்கு அது "எனக்குப் புரியவில்லை, சொல்லிக் கொடுங்கள் அக்கா" என்று கேட்கும் துணிச்சல். இன்னொருவனுக்கு அது கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது. உன் நிக்கல் எது என்று தேடு!

மிச்சத்தையும் கழுவு

கல் வளரும்போது அம்மோனியமும் மிஞ்சுகிறது. அதை அப்படியே விட்டால் நிலத்தடி நீர் கெடும். பொறுப்புள்ள ஆய்வாளர்கள் அதைக் கழுவி வெளியே எடுக்கிறார்கள், சுத்திகரிக்கிறார்கள், குறைக்க வழி தேடுகிறார்கள். யூரியா தயாரிக்கவும் எரிபொருள் செலவாகிறது. அதையும் கணக்கில் எழுதுகிறார்கள். நீ வளரும்போதும் கொஞ்சம் கர்வம் மிஞ்சும், கொஞ்சம் கோபம் மிஞ்சும், வீட்டாரிடம் எரிந்து விழுந்த சொற்கள் மிஞ்சும். அவ்வப்போது கழுவிவிடு. மன்னிப்புக் கேள். பக்கத்து மண்ணைக் கெடுத்து வளரும் பாறை நமக்கு வேண்டாம்.

இன்றே இணை!

நாட்களை இணை! படிப்பா, தொழிலா, பயிற்சியா, எதுவானாலும் நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்கு. தொடங்கும் முன் பத்து நிமிடம் நேற்றையதைத் திரும்பிப் பார்.

திறமைகளை இணை! உனக்குத் தையல் தெரியும். படம் எடுக்கத் தெரியும். கணக்குத் தெரியும். மூன்றும் மூன்று மூலையில் கிடந்தால் அவை பொழுதுபோக்கு. சேர்த்துக் கட்டினால் அது உன் கடை, உன் பெயர், உன் சோறு! கட்டடக்கலை படித்த ஜிஞ்சர் க்ரீக் டோசியர் தன் துறையோடு பாக்டீரியாவைச் சேர்த்தார். ஷார்ஜாவில் கற்பித்துக்கொண்டே செங்கல் வளர்த்தார். 2012-இல் அமெரிக்காவில் பயோமேசன் நிறுவனம் எழுந்தது. "இது என் பாடம் இல்லை" என்று அவர் ஒதுங்கியிருந்தால் அந்தச் செங்கல் எங்கே?

மனிதர்களை இணை! உன் தெருவில் உன்னைப் போலவே தனியாகப் படிக்கும் நான்கு பேர் இருப்பார்கள். ஞாயிறு காலை அவர்களை ஒரு திண்ணையில் உட்கார வை. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லுங்கள். ஒருவர் தளரும் நாளில் நால்வர் தாங்குங்கள். அந்த ஊரில் எந்தத் தேர்வு ஜெயிக்கும், எந்த வறுமை நிற்கும், பார்க்கலாம்!

சின்னவன் என்று உன்னை யாராவது சொன்னால் தலை குனியாதே. ஆம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர். தோற்றவள் என்று யாராவது சொன்னால் அந்தத் தோல்வியை எடுத்து அடுத்த முயற்சியோடு பிணைத்துக்கொள். உனக்குத் தேவையான உறுதி ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. அதை யாரும் உனக்குக் கொடுக்க வேண்டியதில்லை, உன்னிடமிருந்து யாரும் பறிக்கவும் முடியாது. ஒரு மணி நேரத்தை இன்னொரு மணி நேரத்தோடு கட்டு. நாளையும் கட்டு. நாளை மறுநாளும் கட்டு. நிறுத்தச் சொல்பவர்கள் களைத்துப் போகும்வரை கட்டிக்கொண்டே இரு. உன்மேல் ஒரு குடும்பம் நம்பி நிற்கும், ஓர் ஊர் நம்பி நிற்கும், நீ தாங்குவாய்!